கிராமப்புற மின் கூட்டுறவுகளின் கம்பியில்லா மீட்டர் சேவை: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டின் கிராமப்புற மின்மயமாக்கல் சட்டம் வழங்கிய கடனுதவியால் வளர்ந்த மின் கூட்டுறவுச் சங்கங்கள் இன்று ஏறத்தாழ 900 இருக்கின்றன. ஒரு மைல் மின்பாதைக்கு அவற்றுக்குச் சராசரியாக 8 இணைப்புகளே உண்டு. தனியார் மின் நிறுவனங்களுக்கோ அது 30ஐத் தாண்டும். மின் பயன்பாட்டு அளவை வானொலி அலை வழியே அலுவலகத்துக்கு அனுப்பும் கம்பியில்லா மீட்டர்களை இச்சங்கங்கள் பொருத்திவருகின்றன; அவற்றை இந்தக் கணக்கை வைத்தே எடைபோட வேண்டும். விற்பனையாளர்களின் விளக்கப் படங்களில் மட்டும் வீடுகள் எப்போதும் நெருக்கமாகவே நிற்கின்றன.

முன்பு பல சங்கங்கள் மின்கம்பி வழியாகவே ரீடிங்கைப் பெற்றன. கோபுரம் தேவையில்லை என்பதால் செலவு குறைவு. ஆனால் வேகமும் குறைவு, கம்பி அறுந்தால் செய்தியும் சேர்ந்தே அறுந்துபோகும். கம்பியில்லா மீட்டரின் உண்மையான பலன் இங்குதான் தெரிகிறது. மின்சாரம் நின்றவுடன், தன்னுள் இருக்கும் கெப்பாசிட்டரில் மிஞ்சிய மின்னேற்றத்தைக் கொண்டு அது ஒரு கடைசிச் செய்தியை அனுப்பிவிட்டு அணைகிறது. பெரும் புயலில் ஆயிரக்கணக்கான மீட்டர்கள் ஒரே நேரத்தில் குரல் கொடுக்கும்போது அச்செய்திகளில் பல ஒன்றோடொன்று மோதித் தொலைந்துபோவதால், இதை மட்டுமே நம்பி மின்தடை வரைபடம் தயாரிப்பது சரியன்று.

எனக்குக் கூடுதலாகப் பயன்படுவதாகத் தோன்றுவது, மின்சாரம் திரும்பியபின் நடக்கும் சோதனை. லைன்மேன் பிரதான பாதையின் ஃபியூஸை மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதே பாதையின் கிளையொன்றில் இன்னொரு ஃபியூஸும் போயிருந்தால், பழைய முறையில் அவர் ஊர் திரும்பியபிறகு அந்த வீட்டார் தொலைபேசியில் அழைத்தால்தான் அது தெரியவரும். இப்போது அவர் வண்டியை எடுக்குமுன்பே அலுவலகத்திலிருந்து அப்பகுதி மீட்டர்களை ஒவ்வொன்றாக விசாரித்து, பதில் வராத வீடு எது என்று சொல்லிவிட முடிகிறது. நள்ளிரவில் மண்சாலையில் இரண்டாம் பயணம் மிச்சம்.

குறை, வலையமைப்பின் வடிவத்தில் இருக்கிறது. 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையிலான உரிமம் தேவையற்ற அலைவரிசையில் மீட்டருக்கு மீட்டர் செய்தியைக் கைமாற்றும் முறை, அண்டை வீடு எட்டும் தொலைவில் இருந்தால்தான் சிறக்கும். பள்ளத்தாக்கின் கடைசிப் பண்ணைவீட்டுக்காகக் செய்தியை வாங்கி மேலே கடத்தும் கூடுதல் கருவிகளைக் கம்பங்களில் மாட்ட வேண்டியிருக்கிறது. மின்தடையின்போது அவற்றின் பேட்டரி தீர்ந்தால் அந்த வீடும் வரைபடத்திலிருந்து மறையும். சிதறிய குடியிருப்புகளுக்கு, உயர்ந்த கோபுரத்திலிருந்து மீட்டருடன் நேரடியாகப் பேசும் உரிமம் பெற்ற அலைவரிசையே ஏற்றது என்பது என் கருத்து. 2020இல் வணிகப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்ட 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தரவு வேகம் தாராளம். எனினும் மரங்களையும் மேடுகளையும் கடப்பதில் அது 900 மெகாஹெர்ட்ஸுக்கு ஈடாகாது. துணைமின் நிலையக் கேமராவுக்கு அது போதும், மலைச்சரிவு வீட்டு மீட்டருக்குப் போதாது.

பில் பிழைகள் குறைவதும், மணிவாரிப் பயன்பாட்டை உறுப்பினரே பார்க்க முடிவதும் வரவேற்கத்தக்கவை. யாரும் நீர் திறக்காத இரவிலும் கிணற்று மோட்டார் விட்டுவிட்டு ஓடுவதை அந்த மணிவாரிப் பயன்பாட்டுப் படத்தில் கண்டால், குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். அதே படம் வீட்டில் ஆள் இல்லாத நேரத்தையும் காட்டிக்கொடுக்கும் என்பதால், அதை யார் பார்க்கலாம் என்ற விதியைச் சங்கம் எழுத்தில் தர வேண்டும்.

உறுப்பினருக்கு ஒரு வாக்கு உள்ள அமைப்பு இது. மீட்டர் ஒப்பந்தம் முடிவாகுமுன், கோடையில் மரங்கள் இலை அடர்ந்து நிற்கும்போது எடுத்த சமிக்ஞை அளவீட்டை ஆண்டுக் கூட்டத்தில் கேட்டு வாங்குங்கள். இலையுதிர்ந்த குளிர்காலத்து அளவீடு எந்த வலையமைப்பையும் நல்லதாகவே காட்டும்.