தொடுதிரை நிறைய, ஸ்பேனர் ஒன்றே ஒன்று

32 வருடம் ஹேங்கரில் விமானப் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். ஒன்பதாவது படிக்கும் பேத்தி, "பிளேன்ல வேலைன்னா பைலட்டும் ஏர் ஹோஸ்டஸும்தானே தாத்தா?" என்று கேட்டுவிட்டாள். அதனால்தான் புதிதாகத் திறந்த அந்த விமானத் துறை வேலைகள் காட்சிக்கூடத்துக்குப் போனோம். குறை சொல்லப் போகிறேன், அதனால் கூடத்தின் பெயர் வேண்டாம்.

வாசலிலேயே பெரிய தொடுதிரை. உனக்கேற்ற வேலை எது என்று சொல்லுமாம். முதல் கேள்வியே ஆணா, பெண்ணா. அவளுக்கு கேபின் க்ரூ வந்தது. மற்ற பதில்களை எல்லாம் மாற்றிப் போட்டாள், மறுபடியும் அதே கேபின் க்ரூ. எனக்கு பைலட். 67 வயதில்!

மார்ஷலிங், அதாவது தரையில் நின்று கையசைத்து விமானத்துக்கு வழிகாட்டும் வேலை, நன்றாக இருந்தது. இரண்டு கைகளிலும் ஒளிரும் கோல், எதிரே திரையில் விமானம். நாம் கையசைக்கிறபடி வருகிறது. தலைக்கு மேல் கோல்களைக் குறுக்காக வைத்தால் நிற்கும். பேத்தி தாமதமாக வைத்தாள், விமானம் கோட்டைத் தாண்டிவிட்டது. ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) பகுதி சுமார்தான், பெங்களூர் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தின் மாதிரிக் கட்டுப்பாட்டுக் கோபுரம் தரும் உணர்வு இதில் இல்லை.

என் பிரிவுக்கு வந்தோம். போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனரான நிஜ டார்க் ரெஞ்ச் ஒன்று, ஒரு போல்ட். இழுத்துக்கொண்டே போனால் குறித்த அளவில் 'டிக்'கென்று கையில் தட்டும். அதோடு விட்டுவிட வேண்டும், இன்னும் கொஞ்சம் என்று இழுக்கக் கூடாது. அவள் ஆறு தடவை செய்தாள். கூடம் முழுவதிலும் உருப்படியானது இதுதான்.

பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் லாக் வயர் (போல்ட் தளராமலிருக்க முறுக்கிக் கட்டும் கம்பி) கட்டிய இரண்டு போல்ட்கள். குனிந்து பார்த்தேன். அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு, அது சரி. ஆனால் திசை தலைகீழ். போல்ட் தளரப் பார்த்தால் கம்பி அதை இறுக்கும் பக்கம் இழுக்க வேண்டும். இங்கே கழற்றிவிடவே உதவும். அங்கிருந்த பையனிடம் சொன்னேன். "சார், அது சும்மா டிஸ்ப்ளே."

சும்மாவா? இதைப் பார்த்துப் பழகப் போகிறவர்கள்தானே பிள்ளைகள்!

ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) பற்றி ஒரே ஒரு போட்டோ, கீழே இரண்டு வரி. இன்ஜின் பக்கம் போக பி1 லைசென்ஸ், ஏவியானிக்ஸ் (விமானத்தின் மின்னணுக் கருவிகள்) என்றால் பி2 என்றோ, ப்ளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும் என்றோ எங்கும் இல்லை. வேலை முடிந்தபின் லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்துப் போடாமல் விமானம் புறப்படாது. அந்தப் பேனாவுக்கு ஒரு மேஜை போட்டிருக்கலாம்.

மார்ஷலிங்குக்காகவும் ரெஞ்சுக்காகவும் ஒரு தடவை போகலாம். வார நாளில் காலையிலேயே போங்கள். நாங்கள் போன சனிக்கிழமை, சாயங்காலத்துக்குள் அந்த போல்ட் மரை தேய்ந்து வழுக்க ஆரம்பித்துவிட்டது.