அரசு வரைபடத் தரவு: கடையை யார் கையில் கொடுப்பது?

நிலத்தை அளப்பதும் வரைவதும் அரசு வரைபடத் துறைகளுக்குக் கைவந்த கலை. அளந்ததை வாடிக்கையாளரிடம் கொண்டுசேர்ப்பதில்தான் சிக்கல். உரிமம் எழுத வேண்டும், ரசீது போட வேண்டும், "ஃபைல் திறக்க மாட்டேங்குது" என்று வரும் போனுக்குப் பதில் சொல்ல வேண்டும். சர்வேயர்கள் பார்க்கிற வேலை இல்லை இது. விநியோகத்தை வெளியே கொடுத்துவிடலாம் என்ற யோசனை அதனால்தான் பல நாடுகளில் எழுந்தது. ஆனால் எதை வெளியே கொடுப்பது? விலை வைக்கும் உரிமையையா, சில்லறை விற்பனையையா, வெறும் சர்வரையா? மூன்றுக்கும் ஒவ்வொரு நாட்டு உதாரணம் இருக்கிறது. பலன்கள் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது.

முதலாவது அமெரிக்கா. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வணிகமாக்க 1984-இல் அங்கே சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு, ஹியூஸ், ஆர்சிஏ என்ற இரண்டு நிறுவனங்களின் கூட்டான இயோசாட் கைக்கு விற்பனை உரிமை போனது. வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோள்களோ மக்கள் வரிப்பணத்தில் ஏவப்பட்டவை. சில நூறு டாலருக்குக் கிடைத்துவந்த ஒரு படத்தின் விலை 4,000 டாலரைத் தாண்டியது. ஒரு படம் என்பது சுமார் 185 கிலோமீட்டர் அகலத் துண்டு. ஒரு காட்டின் பத்தாண்டு மாற்றத்தைப் பார்க்க இப்படிப் பல துண்டுகள் வேண்டும். பல்கலைக்கழகங்கள் கையைச் சுருக்கிக்கொண்டன.

விலை உயர்வைவிட எனக்கு உறுத்துவது வேறு. காசு கொடுக்க ஆள் இருக்கும் இடங்களைத்தான் பெரும்பாலும் படம் பிடித்தார்கள். வாங்க ஆளில்லாத நிலப்பரப்புகளின் மேல் செயற்கைக்கோள் சும்மா பறந்து போனது. அந்தக் காலத்துக் காப்பகத்தில் பல பகுதிகளுக்கு இன்றும் ஓட்டை இருக்கிறது. இனி எவ்வளவு பணம் கொட்டினாலும் 1988-ஐத் திரும்பப் படம் பிடிக்க முடியாது. விற்பனை ஒப்பந்தம் என்று கையெழுத்திட்டது, எதைச் சேகரிப்பது என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிட்டது. இயோசாட்டைத் திட்டிப் பயனில்லை. சொந்தக் காலில் நில் என்று சொல்லிக் கடையைக் கொடுத்தால் எந்த வியாபாரியும் அதைத்தான் செய்வான்.

1992-இல் இன்னொரு சட்டம் போட்டு அரசு பின்வாங்கியது. 1999-இல் ஏவிய லேண்ட்சாட் 7-இன் படங்களை 600 டாலருக்கு அரசே விற்றது. 2008-இல் காப்பகம் முழுவதையும் இலவசமாகத் திறந்துவிடுவதாக அறிவித்தது. அதற்கு முன் நாளொன்றுக்கு ஐம்பது சொச்சம் படங்கள் போய்க்கொண்டிருந்த இடத்தில், பிறகு ஆயிரக்கணக்கில் டவுன்லோட் ஆயின.

அடுத்தது பிரிட்டன். 1791-இல் தொடங்கிய அந்நாட்டு அரசு வரைபடத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே வேறு வழியில் போனது. தரவு, பதிப்புரிமை, அடிப்படை விலை மூன்றும் துறையிடமே இருக்கும். உரிமம் பெற்ற பங்குதார நிறுவனங்கள் அதை வாங்கி, வேண்டியபடி நறுக்கி, பொருளாக்கி விற்கும். இந்த ஏற்பாட்டின் அருமை சின்ன வாடிக்கையாளரிடம்தான் தெரியும். லீட்ஸில் ஒருவர் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்ட அனுமதி கேட்கிறார் என்று வையுங்கள். விண்ணப்பத்தோடு 1:1250 அல்லது 1:2500 அளவில் ஒரு வரைபடம் வைக்க வேண்டும். மனை எல்லைக்குச் சிவப்புக் கோடு, அதை ஒட்டி அவருக்கு வேறு நிலம் இருந்தால் அதற்கு நீலக் கோடு. அவர் ஒரு பங்குதாரரின் தளத்தில் போஸ்ட்கோடு போட்டு, கோட்டை இழுத்து, கார்டில் பணம் கட்டினால் சிறிது நேரத்தில் பிடிஎஃப் வந்துவிடும். ஒற்றைத் தாள் வேலை இது. நாடு முழுவதற்கும் தரவு பராமரிக்கும் ஒரு துறை இந்தக் கவுண்டரில் உட்கார்ந்தால் வேறு வேலை நடக்காது.

பெரிய வாடிக்கையாளருக்கும் தரகர் தேவைப்பட்டார். 2001-இல் வந்த மாஸ்டர்மேப், துறையின் மிக விரிவான வரைபடத் தரவு, ஜிஎம்எல் என்ற கோப்பு வடிவத்தில் மூட்டை மூட்டையாக வந்தது. அதைப் பிரித்து டேட்டாபேஸில் ஏற்றி, மாறின பகுதியை மட்டும் அவ்வப்போது புதுப்பித்துக் கொடுப்பதே தனித் தொழிலாயிற்று.

சரி, குறை என்ன? உரிமத் தாள்கள். இந்தத் தரவை வைத்து நான் வரைந்த கோடு யாருடையது என்பதற்கே வக்கீல் வேண்டியிருந்தது. காவல் செலவு வேறு. பிரிட்டனின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏ தங்கள் வரைபடத்தைப் பிரதி எடுத்ததாகத் துறை வழக்குப் போட்டது. சாலையின் அகலம் போன்ற சில்லறை விவரங்களில் ஒளித்துவைத்த அடையாளங்கள்தான் காட்டிக்கொடுத்தன. 2001-இல் 2 கோடி பவுண்டுக்குச் சமரசம் ஆனது. வரி கட்டியவனிடமே மறுபடி காசா என்று பத்திரிகைகள் கேட்கத் தொடங்கின. 2010 ஏப்ரல் 1 அன்று ஒரு பகுதித் தரவு இலவசமானது. மாஸ்டர்மேப் அப்போதும் கட்டணத்தில்தான் இருந்தது. 2020-இல் டேட்டா ஹப் என்ற சொந்த வாசலையும் துறை திறந்தது. பங்குதாரருக்கு மொத்த வியாபாரி, வாடிக்கையாளருக்குச் சில்லறைக் கடை, இரண்டும் ஒருவரே. பங்குதாரர்களுக்கு அது அவ்வளவு இனித்திருக்காது.

மூன்றாவது நியூசிலாந்து. சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் சண்டை அதிகம் இல்லை. 2011-இல் அந்நாட்டு நில அளவைத் துறையான லின்ஸ் தன் தரவுச் சேவையைத் தொடங்கியது. தளம் கோஆர்டினேட்ஸ் என்ற தனியார் நிறுவனத்தினுடையது. தரவு திறந்த உரிமத்தில் இலவசம். பெயரைக் குறிப்பிட்டால் போதும். நிறுவனத்துக்குப் பணம் அரசிடமிருந்து போகிறது. சாலை, ஆறு என்று வேண்டிய லேயரை, அதாவது தரவு அடுக்கை, தேர்ந்து, வரைபடத்தில் ஒரு கட்டம் இழுத்து, எந்த வடிவம் என்று சொன்னால் ஜிப் தயார். இரண்டு தேதிகளுக்கு நடுவில் மாறியதை மட்டும் எடுக்கும் வசதியும் உண்டு. பிரிட்டனில் காசு கொடுத்துச் செய்துகொண்ட வேலை அது! ஒரே கவலை, தரவை எடுக்கும் நிரல்கள் அந்தத் தளத்தின் அமைப்பையே நம்பி ஓடுகின்றன. நிறுவனத்தை மாற்றினால் அவற்றைத் திருத்த வேண்டிவரலாம்.

மூன்றில் என் ஓட்டு நியூசிலாந்துக்கு. மேலே சொன்ன ஒற்றைத் தாள் வேலைகளுக்கு மட்டும் பிரிட்டன் பாணிப் பங்குதாரர்கள், அதுவும் திறந்த தரவின் மேல், போட்டிக்கு விட்டு.

நம் நாட்டுக்கு வருவோம். 1767-இல் பிறந்த நம் அரசு வரைபடத் துறையான சர்வே ஆஃப் இந்தியா பெரும்பாலும் தானே கடை வைத்திருக்கிறது. 2017-இல் அதன் நக்ஷே என்ற இணையதளம் வந்தபோது 1:50,000 வரைபடங்களை ஆதார் எண் கொடுத்து இலவசமாக எடுக்க முடிந்தது. நல்ல காரியம்தான், ஆனால் கிடைத்தது பிடிஎஃப். பார்க்கலாம், அச்சடிக்கலாம். அதிலிருந்து வாய்க்கால்களை மட்டும் தனி லேயராக வேண்டுமென்றால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திரையில் போட்டு, சுட்டியால் ஒவ்வொரு வளைவாகக் கிளிக் செய்து மறுபடி வரைய வேண்டியிருந்தது. அரசு ஏற்கெனவே டிஜிட்டலாக வைத்திருந்த கோட்டை நாம் இரண்டாம் முறை வரைந்தோம்.

2021 பிப்ரவரியில் வரைபடத் தரவு பற்றி மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், அந்தத் தரவைச் சேகரிக்கவும் வெளியிடவும் முன் அனுமதி என்ற கெடுபிடியை இந்திய நிறுவனங்களுக்கு எடுத்துவிட்டன. ஒரு நிபந்தனை மட்டும் நம் கேள்வியைத் தொடுகிறது. குறிப்பிட்ட வரம்பைவிடத் துல்லியமான தரவை இந்திய நிறுவனங்களே வைத்திருக்கலாம், அதுவும் நாட்டுக்குள் இருக்கும் சர்வரில். ஆகவே நியூசிலாந்து வழியை இங்கே கொண்டுவந்தால், அந்தத் தரவு ஓடும் சர்வர் இங்கேதான் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு டெண்டர் வந்தால் நான் முதலில் புரட்டுவது விலைப் பக்கத்தை அல்ல. ஒப்பந்தம் முடியும் நாளில் தரவு முழுவதும், பழைய பதிப்புகளோடு, எந்த வடிவத்தில் துறைக்குத் திரும்பும், இணைய முகவரி துறையின் சொந்த டொமைனில் இருக்குமா என்ற ஷரத்துகளைத்தான்.