கிரீன் டீயா முருங்கைக்கீரையா, எடை குறைக்க எது?

கிரீன் டீல முக்கியமான பாலிஃபீனால் (செடிங்கள்ல இயற்கையா இருக்குற ஒரு வகை வேதிப்பொருள்) ஈஜிசிஜி, முருங்கை இலைல குவர்செட்டினும் குளோரோஜெனிக் ஆசிடும். ரெண்டையுமே கொழுப்புத் தீனி போட்டு குண்டாக்குன எலிங்களுக்கு குடுத்துப் பாத்து, எடை ஏறுறது குறைஞ்சதா ரிசல்ட் வந்துருக்கு. ஆனா எலிக்கு குடுக்குற டோஸ் பெரும்பாலும் ரொம்ப ஜாஸ்தி, அத வச்சு நமக்கும் அப்படியே நடக்கும்னு நம்பிடாதீங்க ப்ளீஸ்.

மனுசங்கள வச்சு பண்ண ஆய்வுன்னு பாத்தா கிரீன் டீக்குதான் அதிகம். கொழுப்ப எரிக்கத் தூண்டுற நோர்அட்ரினலின்ங்குற ஹார்மோன உடைக்கிற என்சைம ஈஜிசிஜி தடுக்கும், கூட காஃபீனும் சேருது, அதனால கொழுப்பு கொஞ்சம் கூடுதலா எரியும்ங்குறது கணக்கு. ஆனா 2012ல வந்த காக்ரேன் ரிவியூ (மருத்துவ ஆய்வுகள ஒண்ணா சேத்து அலசுற அமைப்போட அறிக்கை) எல்லா ஆய்வையும் சேத்துப் பாத்துட்டு, குறையுற எடை ரொம்ப கம்மி, பெருசா பிரயோஜனம் இல்லன்னுதான் சொல்லுச்சு. முருங்கைக்கு அந்த அளவு ஆய்வே இல்ல.

எனக்கு பயமே கிரீன் டீ கேப்சூல்தான். ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் ஈஜிசிஜி மாத்திரையா போனா ரத்தத்துல லிவர் என்சைம் ஏறலாம் (லிவர் பாதிக்கப்படுறதுக்கான அறிகுறி)னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லயே எச்சரிச்சுருக்கு. கப்புல போட்டு குடிக்கிறது வேற, அதுல பிரச்சன இல்ல, ஆனா சாப்பாட்டோட குடிச்சா இரும்புச்சத்து சரியா சேராது, ரத்தசோகை இருக்குற பொண்ணுங்க கண்டிப்பா கவனிக்கணும்.

என் ஓட்டு முருங்கைக்குதான். பாலிஃபீனாலுக்காக இல்லங்க, நார்ச்சத்து, புரோட்டீன், கால்சியம்னு அது சாப்பாடாவே நிக்குது, ரெண்டு கரண்டி சோத்த குறைச்சுட்டு அந்த இடத்துல கீரைப் பொரியல வச்சா வயிறும் நிறையும்.