மூன்று வருடம் ஓடிய பென் டேப்லெட்: தேவகோட்டைத் தம்பிக்குப் பதில்

"அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே டேப்லெட் இப்ப விலை குறைஞ்சிருக்கு, வாங்கிடவா?" என்று தேவகோட்டையிலிருந்து தம்பி ஒருவர் ஃபோனில் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் காரைக்குடி செக்காலை ரோட்டில் அதைப் பழுது பார்த்து வாங்கி வந்திருந்தேன். கோபத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரில் கம்பியால் செருகி, பேனாவால் வரைகிற பலகை இது. திரை இல்லாதது, ஆறு அங்குலத்துக்கு நாலு அங்குலம். பேனாவுக்குச் சார்ஜ் வேண்டாம். மற்ற விவரமெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கும்.

நான் போர்டு எழுதிப் பழகியவன். ஃப்ளெக்ஸ் வந்து அந்த வேலை குறைந்த பிறகு, தரையில் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல் போடும் பட்டறைகளுக்கு டிசைன் வரைந்து கொடுக்கிறேன். போர்டு எழுதுகிறவனுக்குக் கோடு தோளிலிருந்து வரும். இந்தச் சின்னப் பலகையில் தோளுக்கு வேலையே இல்லை, மணிக்கட்டு அசைந்தால் திரையில் ஒரு முழம் ஓடிவிடுகிறது. முதல் மாதம் ஒரு வட்டம் ஒழுங்காக வரவில்லை.

காப்பாற்றியது யூடியூப்தான். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாது. சத்தத்தை அணைத்துவிட்டு வரைகிறவரின் கையை மட்டும் பார்ப்பேன். வீடியோவை நிறுத்தி, கீபோர்டில் முற்றுப்புள்ளியைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். பேனா எங்கே படுகிறது, எங்கே எழும்புகிறது என்று எண்ணி எண்ணிப் பார்க்கலாம். அப்படித்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அந்த ஓவியர் கோட்டைப் போடும் முன் பேனாவைப் பலகையில் படாமல் தூக்கிப் பிடித்து, அதே வளைவை இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்க்கிறார். கொஞ்சம் தூக்கிப் பிடித்தாலும் திரையில் அம்புக்குறி கூடவே வருகிறது. என் அப்பாவும் இதையேதான் செய்வார். பெரிய 'ழ' எழுதும் முன் காய்ந்த பிரஷ்ஷால் காற்றில் ஒருமுறை சுழித்துப் பார்ப்பார். அது நினைவுக்கு வந்த அன்றே கை படிந்துவிட்டது.

இன்னொன்று, எங்களைப் போலப் பிரஷ்ஷை அழுத்திப் பிடிக்கிறவர்கள் நான் வரைகிற க்ரிட்டா என்ற மென்பொருளின் செட்டிங்ஸில், எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்று சொல்லும் வளைவைத் தங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் எல்லாக் கோடும் தடியாகவே விழும். க்ரிட்டா இலவசம்தான். இதே க்ரிட்டாவில் 'டபிள்யூ' என்று ஒரு விசை இருக்கிறது. அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

கல் வேலை எப்படி என்றால், கண்ணாடிமேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் தகடு வளைத்துச் செய்த அச்சை இறக்குவார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு வண்ணக் கலவை. அச்சைத் தூக்கிவிட்டு, மேலே காய்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் செய்வார்கள். ஆக, அச்சு செய்த பிறகு டிசைனில் தப்பு தெரிந்தால் தகடும் போச்சு, கூலியும் போச்சு. எனக்கு ஒருமுறை போனது. நாலு மூலையிலும் கால் கால் பூ. கட்டம் போட்ட தாளில் வரைந்து, ட்ரேஸிங் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சரி என்றுதான் கொடுத்தேன். நாலு கல்லைச் சேர்த்து வைத்தபோது பூ முழுசாக வந்தது. ஆனால் ஓரத்தின் நடுவில் இரண்டு இலை நுனிகள் முட்டிக்கொண்டு, நான் வரையாத ஒரு மீன்வால் அங்கே நின்றது.

க்ரிட்டாவில் 'டபிள்யூ'வைத் தட்டினால் வரைகிற கட்டம் நாலு பக்கமும் பரவிக்கொண்டே போகும். ஒரு கல்லில் இலையை இழுத்தால் அத்தனை கல்லிலும் அதே நொடியில் இலை வளர்கிறது. வலது ஓரத்தைத் தாண்டிப் போகும் கோடு இடது ஓரத்தில் நுழைகிறது. முதன்முதலில் பார்த்த அன்று, கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தில், நின்று தரையைப் பார்ப்பது போலவே இருந்தது. இப்போது மீன்வால் வந்தால் திரையிலேயே பிடித்துவிடுகிறேன். இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு எனக்கு எப்போதோ கழிந்துவிட்டது.

இனி, பழுதான அந்தத் துளை. கம்பி செருகும் இடம், பழைய செல்போன்களில் இருந்த அதே மைக்ரோ யுஎஸ்பி. ஒன்றேகால் வருடத்தில் ஆட ஆரம்பித்தது. நீளமாக ஒரு வளைவை இழுக்கும்போது கோடு பாதியில் நின்றுவிடும், கம்ப்யூட்டர் 'டிடுங்' என்று கத்தும். கம்பியை அசைத்தால் உயிர் வரும், ஆனால் அழுத்தம் வராது. முழுக்க ஒரே தடிமன். க்ரிட்டாவை மூடித் திறக்க வேண்டும். இது ஒரு நாளில் இருபது தடவை நடந்தால் வரைகிற மனசு எங்கே இருக்கும்? நியாயமாகச் சொன்னால், நானும் அதைத் தினமும் பையில் திணித்துக்கொண்டு பட்டறைக்கு வண்டியில் போகிறவன்தான். ஆனால் தூக்கிக்கொண்டு போகத்தானே சின்னதாகச் செய்து விற்கிறார்கள்?

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். வாரண்டி முடிந்துவிட்டது, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கலாம். செக்காலை ரோட்டில் செல்போன் பழுது பார்க்கும் பையன் பிரித்து, லென்ஸுக்கு அடியில் காட்டினான். துளையின் கால்கள் போர்டை விட்டு மயிரிழை எழும்பியிருந்தன. "பாருங்கண்ணே, இந்த நாலு பொட்டு ஈயத்துலதான் மொத்த இழுப்பும் நிக்குது." அரை மணி நேரம், முந்நூறு ரூபாய். இந்த நாலு பொட்டுக்காக ஒரு பட்டறை வேலையை நான் நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் போனது. அந்த வேலை இப்போது வேறொருவர் கையில்.

ஆகவே தம்பி, விலை குறைந்தாலும் இதை வாங்க வேண்டாம். நான் இத்தனை புகழ்ந்ததும் நிஜம், வேண்டாம் என்பதும் நிஜம். டைப்-சி துளை உள்ளதாகப் பார். துளை பலகையின் உடம்புக்குள் ஆழமாக இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார். அதுவரை ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக்கு வா, என்னுடையதிலேயே பழகலாம். 'டபிள்யூ'வைத் தட்டி ஒரு தரை போட்டுப் பார்.