ஹெச்டாப்: நாடி பார்க்கும், பிரேதப் பரிசோதனை செய்யாது

சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளில் வாங்கிய பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் புழங்குகிறவர்கள், ஃபயர்ஃபாக்ஸ் திணறத் தொடங்கியதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். அரை நாள் போகும், பல நேரம் பலனும் இருக்காது. அதற்கு முன், எந்த நிரல் எவ்வளவு சிபியுவும் மெமரியும் தின்கிறது என்று டெர்மினலில் காட்டும் ஹெச்டாப்பைத் திறந்து இரண்டு நிமிடம் பார்க்கலாம். ஒரு வெள்ளி செலவில்லை: ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஹெச்டாப்’ (sudo apt install htop). 2004 முதல் இருக்கும் கருவி. 2020இல் 3.0 பதிப்போடு புதிய குழுவின் கைக்கு வந்தபின் நன்றாகவே தேறியிருக்கிறது.

முதல் திரை புதியவரை மிரட்டும். இது நிஜமான குறை. ஃபயர்ஃபாக்ஸ் பெயரில் வரி வரியாக நீளும், பல வரிகளில் ஒரே மெமரி அளவு. அவை ஒரே ப்ராசஸின் (ஓடும் நிரலின்) த்ரெட்கள், அதாவது உள்கிளைகள், கூட்டிப் பார்த்துப் பதற வேண்டாம். ஷிஃப்டோடு ஹெச் அழுத்தினால் மறைந்துவிடும். சிபியு 250 சதவீதம் என்றாலும் கோளாறில்லை, சிபியுவுக்குள் இருக்கும் ஒவ்வொரு கோருக்கும் 100 என்று கணக்கு. மெமரி பட்டையில் மஞ்சள் என்பது கேஷ், அதாவது மறுபடி உதவும் என்று எடுத்துவைத்த தரவு. தேவைப்பட்டால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் விட்டுக்கொடுத்துவிடும். பச்சை நிறைந்து, கீழே ஸ்வாப்பும் (ரேமுக்கு மாற்றாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) ஏறிக்கொண்டிருந்தால்தான் ரேம் போதவில்லை என்று பொருள். ஷிஃப்டோடு கே அழுத்தினால் கெர்னல் த்ரெட்கள் தெரியும். அங்கே ரேமில் இடம் காலிசெய்யும் கேஸ்வாப்டி0 (kswapd0) உச்சியில் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

ப்ராசஸின் நிலையைக் காட்டும் ‘எஸ்’ (S) நெடுவரிசையில் டி (D) என்ற எழுத்து நெடுநேரம் அசையாமல் நின்றால், அந்த ப்ராசஸ் பெரும்பாலும் டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கிறது. எஃப்9 அழுத்தி, உடனே கொல்லும் 9ஆம் சிக்னல் அனுப்பினாலும் அது சாகாது. மற்றவற்றுக்கு முதலில், ஒழுங்காக முடித்துக்கொள்ளச் சொல்லும் 15 கொடுங்கள். 9 கொடுத்தால் லிப்ரே ஆஃபிஸுக்குச் சேமிக்க அவகாசமே இராது. ஹெச்டாப் 3.2 முதல் டேப் விசையில் டிஸ்க் பயன்பாட்டுக்குத் தனித்திரை உண்டு. மின்ட் 21இன் களஞ்சியத்தில் இருப்பது 3.0.5, அதில் இது கிடையாது.

நம் ஊருக்கு மிகவும் உதவுவது எஃப்2 அமைப்புத் திரையில் ஒளிந்திருக்கும் இரண்டு தெரிவுகள்: சிபியு வேகம், சிபியு வெப்பம். குளிரூட்டி போடாத வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அறையில், மதிய நேரத்து 32 டிகிரியில், தூசி அடைத்த விசிறியும் சிபியுவின் வெப்பத்தைக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்டும் சேர்ந்தால் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சும்மா இருக்கும்போது 800 மெகாஹெர்ட்ஸ் காட்டுவது இயல்புதான். வேலை 100 சதவீதத்தில் ஓடும்போதும் அப்படியே நின்றால், குற்றவாளி பெரும்பாலும் மென்பொருள் அல்ல.

திடீரென்று மூடிக்கொள்ளும் செயலிகளுக்கு ஹெச்டாப் உதவாது. செத்த ப்ராசஸ் பட்டியலில் இருக்காது. அதற்கு, கெர்னல் பதிவைக் காட்டும் ‘ஜர்னல்சிடிஎல் மைனஸ் கே’ (journalctl -k). கணினியை மறுபடி இயக்கிவிட்டிருந்தால் ‘மைனஸ் பி மைனஸ் 1’ (-b -1) சேர்த்துக்கொள்ளுங்கள். ‘அவுட் ஆஃப் மெமரி’ (Out of memory) என்ற வரி இருந்தால், ரேம் தீர்ந்துபோய்க் கெர்னலே கொன்றிருக்கிறது. உபுண்டு பயன்படுத்துகிறவர்களுக்கு 22.04 முதல் சிஸ்டம்டி-ஊம்டி (systemd-oomd) என்ற இன்னொரு கொலையாளியும் உண்டு. அதன் கைவரிசை கெர்னல் பதிவில் வராது, ‘ஜர்னல்சிடிஎல் மைனஸ் யு சிஸ்டம்டி-ஊம்டி’யில்தான் (journalctl -u systemd-oomd) தேட வேண்டும். செயலி தனக்கு உரிமையில்லாத மெமரியைத் தொட்டு விழுந்ததைச் சொல்லும் ‘செக்ஃபால்ட்’ (segfault) வரிகளில் ஒரே லைப்ரரியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதையோ கிராபிக்ஸ் டிரைவரையோ பாருங்கள். சம்பந்தமில்லாத செயலிகள் ஆளுக்கொரு இடத்தில் விழுந்தால் ரேம்மீதே சந்தேகம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

ரேம் வாங்க சிம் லிம் இருக்கும் ரோச்சோர் பக்கம் போவதற்குமுன் ‘சூடோ டிஎம்ஐடிகோட் மைனஸ் டி மெமரி’ (sudo dmidecode -t memory) அடித்து, காலி ஸ்லாட் இருக்கிறதா, ரேம் வகை டிடிஆர்3ஆ 4ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெலிசான மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் பக்கத்துத் தேக்காவில் (லிட்டில் இந்தியா) பிரியாணி சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.