கரையா, கடலா, கடையா: கடல்நாய்ச் சட்ட வரலாற்றைக் கற்பிக்கும் ஒரு சேலம் வகுப்பு

சேலம் அஸ்தம்பட்டியில் ஓய்வுபெற்ற சட்டப் பேராசிரியர் ஒருவர் தம் வீட்டு மாடியில் சனி, ஞாயிறு மாலைகளில் நடத்திவரும் பன்னாட்டுச் சுற்றுச்சூழல் சட்ட வகுப்பைப் பற்றிய மதிப்புரை இது. விளம்பரம் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் வகுப்பின் பெயரையும் முகவரியையும் தரவில்லை. நகரில் சட்டம் படிப்பவர்களிடம் விசாரித்தால் வழி சொல்வார்கள். அங்கே கற்பிக்கப்படும் பகுதிகளுள் நான் சேர்ந்து படித்தது, கடல்நாய் (சீல்) வேட்டையையும் அதன் பாதுகாப்பையும் ஒழுங்குபடுத்திய சட்டங்களின் வரலாறு. கட்டணம் 1,200 ரூபாய். நகல் தொகுப்புக்குத் தனியாக 150 ரூபாய் வாங்குகிறார்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள், குடிமைப்பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள், இளம் வழக்கறிஞர்கள், ஏற்காட்டிலிருந்து இறங்கிவரும் காப்பித் தோட்டக்காரர்கள் எனக் கலவையான கூட்டம்.

கடல்நாய் நம் கரைகளில் வாழும் விலங்கன்று. அப்படியிருக்க இதை ஏன் தனிப் பாடமாக வைத்திருக்கிறார் என்பது முதல் வகுப்பிலேயே தெளிவாகிவிடுகிறது. கரையில் ஈன்று, கடலில் இரைதேடி, நாடுகளின் எல்லைகளைக் கடந்து திரியும் ஓர் உயிர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி, பன்னாட்டு நடுவர் மன்றம் ஒன்றின் முன் முதன்முதலில் முழுமையாக வாதாடப்பட்டது இந்த விலங்கை வைத்துத்தான். பாடம் முழுவதையும் ஆசிரியர் ஒரே கேள்வியில் கோக்கிறார்: தடையை எங்கே வைப்பது, கரையிலா, கடலிலா, தோல் விற்கும் கடையிலா? ஒவ்வொரு சட்டத்தையும் அது இந்த மூன்றில் எந்த இடத்தில் கைவைத்தது, அங்கே அது பிடித்ததா நழுவியதா என்று பார்க்க வைப்பதே இந்த வகுப்பின் சிறப்பு என்பது என் துணிபு. ஆண்டுகளை மனப்பாடம் செய்வதற்கும் இப்படிப் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

தொடக்கம் பிரிபிலோஃப் தீவுகள். 1786-இல் ரஷ்ய மாலுமி கவ்ரீல் பிரிபிலோஃப் பேரிங் கடலின் மூடுபனிக்குள் இத்தீவுகளைக் கண்டடைந்தார். வடக்கு உரோமக் கடல்நாய்கள் பெருந்திரளாகக் கூடி ஈனும் இடம் அது. தோலுரிக்கும் வேலைக்காக அலியூஷியன் தீவுகளின் பழங்குடிகளான அலியூட் மக்கள் அங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டார்கள். 1867-இல் அமெரிக்கா 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கியபோது இத்தீவுகளும் கைமாறின. 1870-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு இருபது ஆண்டுக் குத்தகை. ஆண்டுக்கு 1 லட்சம் வரை கொல்ல அனுமதி. இணைசேராத இளம் ஆண்களை மட்டுமே கரையில் வைத்துக் கொல்லலாம் என்ற நிபந்தனை. அக்காலத்துக்கு அது ஓரளவு அறிவுள்ள ஏற்பாடுதான். ஆனால் கரைக்கு மட்டும் விதி இருந்தது, கடலுக்கு இல்லை. கனடாவிலிருந்து வந்த பாய்க்கப்பல்கள் நடுக்கடலில் சுடத் தொடங்கின. கடலில் ஆண், பெண் பார்த்துச் சுட முடியாது. சுடப்பட்டவற்றில் பல எடுக்குமுன்னே மூழ்கின. சிக்கியவற்றில் பெரும்பாலானவை கரையில் குட்டியை விட்டுவிட்டு இரைதேடப் போன தாய்கள். ஒரு தாயைச் சுட்டால் கரையில் குட்டியும் பட்டினியால் சாகும்.

1886 முதல் அமெரிக்கா அந்தக் கப்பல்களைச் சிறைபிடிக்க, கனடாவுக்காக பிரிட்டன் எதிர்க்க, வழக்கு பாரிஸில் ஏழு நடுவர்கள் முன் போயிற்று. 1893-இல் தீர்ப்பு வந்தது: மூன்று மைல் கடலெல்லைக்கு வெளியே இருக்கும் கடல்நாய்கள் மீது அமெரிக்காவுக்குச் சொத்துரிமை இல்லை. சிறைபிடித்த கப்பல்களுக்காக அமெரிக்கா பின்னர் இழப்பீடும் கொடுத்தது. அதே நடுவர்கள் சில கட்டுப்பாடுகளையும் விதித்தார்கள்: தீவுகளைச் சுற்றி 60 மைல் தடைவட்டம், மே 1 முதல் ஜூலை 31 வரை வேட்டைக்கு ஓய்வு, பேரிங் கடலில் துப்பாக்கிக்குத் தடை.

இந்த இடத்தில் ஆசிரியர் செய்ததைச் சொல்ல வேண்டும். மாடித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு தீவு வரைந்து, சணல் கயிற்றை அளவாகப் பிடித்து 60 மைல் வட்டம் போட்டார். ஒரு சிறு சம்படத்திலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்துத் தாய்க் கடல்நாய்கள் இரைதேடும் இடங்களில் ஒவ்வொன்றாக வைத்தார். பெரும்பாலான கொட்டைகள் வட்டத்துக்கு வெளியே விழுந்தன. முன்வரிசையில் இருந்த மாணவி, "அப்ப இந்த வட்டத்துக்குள்ள பாதுகாக்க யாரு சார் இருக்கா?" என்று கேட்டார். "அதேதாம்மா. இன்னொண்ணு பாரு, இந்தத் தீர்ப்பு ரெண்டு பேரைத்தான் கட்டும். ஜப்பான் கையெழுத்தே போடலை" என்றார் அவர். ஜப்பானியக் கப்பல்கள் மூன்று மைல் வரை நெருங்கி வேட்டையாடியதையும், 1897-இல் அமெரிக்கா தன் குடிமக்களை மட்டும் கடல்வேட்டையிலிருந்து தடுத்துக்கொண்டதையும், 1906-இல் பிரிபிலோஃப் தீவுகளில் ஒன்றான செயின்ட் பால் தீவில் இறங்கிய ஜப்பானிய வேட்டைக்காரர்களில் ஐவர் சுட்டுக்கொல்லப்பட்டதையும் அந்த வட்டத்தின் அருகிலேயே நின்றபடி விளக்கினார். நன்னோக்கமுள்ள தீர்ப்பு ஏன் தோற்றது என்பதை எந்தப் பாடநூலிலும் இவ்வளவு தெளிவாக நான் கண்டதில்லை.

1911-ஆம் ஆண்டு ஜூலை 7-இல் கையெழுத்தான வட பசிபிக் உரோமக் கடல்நாய் உடன்படிக்கைக்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்கியிருக்கிறார். அது சரியான முடிவு. அமெரிக்கா, கனடாவுக்காக பிரிட்டன், ஜப்பான், ரஷ்யா ஆகிய நான்கும் 30 பாகை வட அட்சரேகைக்கு வடக்கே கடல்வேட்டையை அடியோடு நிறுத்த ஒப்புக்கொண்டன. கடலைவிட்டு விலகும் நாடு ஏன் விலக வேண்டும்? இதற்கு உடன்படிக்கை தரும் விடை கணக்கில் இருக்கிறது: அமெரிக்கத் தீவுகளில் எடுக்கும் தோல்களில் நூற்றுக்கு 15 கனடாவுக்கு, 15 ஜப்பானுக்கு, ரஷ்யத் தீவுகளிலும் அதே பங்கு, ஜப்பான் தன் தீவில் எடுப்பதில் மற்ற மூவருக்கும் பத்துப் பத்து. முன்பணமாக பிரிட்டனுக்கும் ஜப்பானுக்கும் ஆளுக்கு 2 லட்சம் டாலரை அமெரிக்கா கொடுத்தது. நூறு புளியங்கொட்டைகளை எண்ணி நான்கு மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, கனடாவாக அமர்ந்திருந்த தம்பி கையிலிருந்த பதினைந்தைப் பார்த்துவிட்டு, "கப்பலே வேண்டாம் சார், இதுவே போதும்" என்றார். வகுப்பு சிரித்தது, உடன்படிக்கையின் உயிர்நாடி புரிந்துவிட்டது. அதிகாரபூர்வமான முத்திரையும் சான்றும் இல்லாத தோலை நான்கு நாடுகளும் இறக்குமதி செய்யக்கூடாது என்ற மூன்றாம் பிரிவையும் அவர் அழுத்திச் சொன்னார். கரை, கடல், கடை மூன்றிலும் ஒருசேரக் கைவைத்த முதல் சட்டம் இதுவே என்பதால்தான் கடல்நாய்களின் எண்ணிக்கை மீண்டும் ஏறியது என்பது அவருடைய வாதம். எனக்கும் அது ஏற்புடையதே. ஜப்பான் விலகியதால் 1941-இல் உடன்படிக்கை முடிவுக்கு வந்தது. 1957-இல் வந்த இடைக்கால உடன்படிக்கை 1984 வரை நீடித்தது.

நான்காம் பிரிவை அவர் வரிவரியாகப் படிக்க வைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். ஐனு, அலியூட் உள்ளிட்ட கடலோரப் பழங்குடிகள் கடலில் வேட்டையாடலாம். ஆனால் துடுப்பாலோ பாயாலோ செல்லும் தோணியாக இருக்க வேண்டும், ஐந்து பேருக்கு மேல் இருக்கக்கூடாது, துப்பாக்கி கூடாது, யாருக்கும் கூலியாளாகவோ தோல் விற்க ஒப்பந்தம் செய்தவராகவோ இருக்கக்கூடாது. பிழைப்புக்கு வேட்டையாடு, வணிகத்துக்கு ஆகாது என்ற இந்தப் பிரிவினை பின்வந்த சட்டங்கள் பலவற்றிலும் தொடர்கிறது. அதே காலத்தில் பிரிபிலோஃப் தீவுகளின் அலியூட் மக்கள் அரசின் கண்காணிப்பில் அரசுக்காகத் தோலுரித்து வாழ்ந்ததையும், இரண்டாம் உலகப் போரில் 1942-இல் அவர்கள் தென்கிழக்கு அலாஸ்காவின் கைவிடப்பட்ட கட்டடங்களுக்குப் பெயர்த்துக்கொண்டு போகப்பட்டதையும் சில நிமிடங்களில் முடித்துவிட்டார். விலங்கைக் காத்த அரசு அம்மக்களை எப்படி நடத்தியது என்பதற்குத் தனி வகுப்பே வேண்டும். இது என் முதல் குறை.

அண்டார்டிகாப் பகுதியும் அவசரமாகவே போயிற்று. தெற்கு ஷெட்லாந்து தீவுகள் 1819-இல் கண்டறியப்பட்டு மூன்றே வேட்டைப் பருவங்களில் அங்கிருந்த உரோமக் கடல்நாய்கள் ஏறத்தாழத் துடைத்தழிக்கப்பட்டன. அதை மனத்தில் வைத்துப் பார்த்தால்தான் 1972-இல் லண்டனில் கையெழுத்தாகி 1978-இல் நடைமுறைக்கு வந்த அண்டார்டிகக் கடல்நாய்ப் பாதுகாப்பு உடன்படிக்கையின் அருமை தெரியும்: பெருந்தொழிலாக வேட்டை மீண்டும் தலையெடுக்கும் முன்பே சட்டம் வந்துவிட்டது. நண்டுண்ணிக் கடல்நாய்க்கு 1,75,000, சிறுத்தைக் கடல்நாய்க்கு 12,000, வெடெல் கடல்நாய்க்கு 5,000 என ஆண்டு உச்சவரம்பு. ராஸ் கடல்நாய், யானைக் கடல்நாய், உரோமக் கடல்நாய் ஆகியவற்றுக்கு முழுத் தடை. நம் நாடு 2022-இல் இயற்றிய இந்திய அண்டார்டிகச் சட்டத்தோடு இதை இணைத்துக் காட்டியிருந்தால் தேர்வர்களுக்கும் பயன்பட்டிருக்கும். கரீபியத் துறவிக் கடல்நாய்க்கு மட்டும் நேரம் எடுத்துக்கொண்டார்: 1952-க்குப் பிறகு அதை யாரும் உறுதியாகக் கண்டதில்லை, சட்டப் பட்டியலில் அதன் பெயர் ஏறியபோது காக்க ஓர் உயிரும் மிஞ்சவில்லை.

கடையைப் பற்றிய பகுதியே வகுப்பில் அதிகம் விவாதிக்கப்பட்டது. 1972-இல் அமெரிக்காவின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் வேட்டையோடு இறக்குமதியையும் நிறுத்தியது. 1983-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் வெண்ணிறக் குட்டிகளின் தோலுக்குத் தன் சந்தையை மூடியது. கனடா அந்தக் குட்டிகளின் வணிக வேட்டையைத் தடைசெய்தது 1987-இல்தான். 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம், பழங்குடிகள் வேட்டையாடியவற்றுக்கு விலக்கு அளித்து, கடல்நாய்ப் பொருள்களுக்குத் தடை விதித்தது. கனடாவும் நார்வேயும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 2014-இல் மேல்முறையீட்டு அமைப்பு, பொது ஒழுக்கத்தைக் காக்க அத்தகைய தடை விதிக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது, ஆனால் பழங்குடி விலக்கை அமல்படுத்திய விதம் நியாயமற்றது என்றும் கண்டது. அந்த விலக்கு கிரீன்லாந்து இனுயிட் மக்களுக்குக் கைகொடுத்த அளவு கனடாவின் இனுயிட் மக்களுக்குக் கைகொடுக்கவில்லை. 2015-இல் ஒன்றியம் விதியைத் திருத்தியது. இந்தியாவும் 2018-இல் கடல்நாய்த் தோல் இறக்குமதியை நிறுத்தியது. கனடா 2011-இல் ஹார்ப் கடல்நாய்க்கு 4 லட்சம் வரை அனுமதித்தும், பிடிபட்டது அதில் சிறு பங்கே என்ற செய்தியை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி அப்படியே விட்டுவைத்தார். வாங்க ஆளில்லை என்றால் அனுமதி ஏட்டில்தான் கிடக்கும். அதே வேளையில், குட்டிகளைத் தொடாமல் இறைச்சிக்காக வேட்டையாடி, மிஞ்சிய தோலை விற்று எரிபொருள் வாங்கிய இனுயிட் குடும்பங்களின் வருமானமும் 1983-க்குப் பின் சரிந்தது. விலக்கு ஏட்டில் இருந்தும் விலை விழுந்துவிட்டது என்பதை அவர் மழுப்பாமல் சொன்னார்.

நிறைவு வகுப்பு ஏற்காட்டில், ஒரு காப்பித் தோட்டத்துக் களத்தில் நடந்தது. சேர்வராயன் மலையில் காட்டெருமை தோட்டங்களுக்குள் வருவது அங்கே அன்றாடச் செய்தி. அமெரிக்கச் சட்டம் வந்த அதே 1972-இல் வந்த நம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் காட்டெருமை இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடிகளின் மரபுரிமைகளை ஏற்கும்போது வேட்டை உரிமையை மட்டும் வெளிப்படையாக விலக்குகிறது. ஆனால் நிக்கோபார் தீவுகளின் பழங்குடிகளுக்கு வழங்கப்பட்ட வேட்டை உரிமையை வனவுயிர்ச் சட்டம் தொடாமல் விட்டிருக்கிறது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த, மலையாளி பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், "வேட்டை வேண்டாங்க ஐயா, அது போகட்டும். மிளகுக்கொடியை மிதிச்சா இழப்பீடு எப்ப வரும்னு அந்த நாலாம் பிரிவு மாதிரி எழுதிவச்சா போதும்" என்றார். பாடத்துக்கு அன்றைய மாலையில் கிடைத்த ஆகச்சிறந்த விரிவுரை அதுதான் என்பேன். பாக் விரிகுடாவில் 2022-இல் தமிழக அரசு அறிவித்த கடற்பசுப் பாதுகாப்பகம் பற்றியும் பேச்சு வந்தது. வலையில் தற்செயலாகச் சிக்கும் கடற்பசுவை மீனவர் விடுவிக்க ஊக்கம் தரும் ஏற்பாட்டை 1911-இன் பங்கீட்டோடு ஒப்பிட்டு மாணவர்களே விவாதித்தார்கள்.

வசதிகளைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியவை சில. நகல் தொகுப்பின் அச்சு மங்கல். பாரிஸ் தீர்ப்பின் பக்கங்களில் அடிக்குறிப்புகள் படிக்கவே முடியவில்லை, 150 ரூபாய்க்கு இதைவிடத் தெளிவாகத் தரலாம். மாடிப்படி செங்குத்தாக இருப்பதால் முதியவர்கள் ஏறச் சிரமப்படுகிறார்கள். விளக்கம் தமிழில், ஆவணங்கள் ஆங்கிலத்தில். கலைச்சொற்களுக்கு ஒரு பக்கத் தமிழ்ப் பட்டியல் சேர்த்தால் கலைக் கல்லூரி மாணவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். கேள்விகளுக்கு ஆசிரியர் தரும் பொறுமை இவற்றுக்கெல்லாம் ஈடுசெய்கிறது.

கொள்குறி வினாக்களுக்குக் குறிப்பு மட்டும் வேண்டுவோருக்கு இந்த வகுப்பு நீளமாகத் தோன்றும். வழக்காட விரும்பும் சட்ட மாணவர்களும், வனத்துறைப் பணிக்குப் போக விரும்புவோரும், மலையில் விலங்குகளோடு அன்றாடம் வாழ்வோரும் தயங்காமல் சேரலாம். சேர்பவர்கள் தொகுப்பை முன்கூட்டியே வாங்கி, 1911 உடன்படிக்கையின் மூன்றாம், நான்காம் பிரிவுகளைப் படித்துவிட்டுப் போவது நல்லது. ஏற்காட்டு வகுப்பு வெயில் தாழ்ந்த பிறகே தொடங்குவதால், கடைசிப் பேருந்தின் நேரத்தை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.