‘எல்லாத்துக்கும் ஆகும்’ என்று விற்ற எட்டாம் நம்பர் கம்பு

இங்கே தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் நண்பர் போன வாரம் ஒரு படம் அனுப்பினார். நான் வைத்திருக்கும் அதே ஃப்ளை கம்பு (இறகாலும் ரோமத்தாலும் கட்டிய செயற்கை ஈயை வீசி மீன் பிடிக்கிற தூண்டில் கம்பு), விலையில் கால்வாசி தள்ளுபடி. “அண்ணா, உங்ககிட்ட இருக்கறதுதானே இது? டிரவுட் பிடிக்கப் பழகணும். எடுத்துடலாமா?” என்று கேட்டிருந்தார். வாட்ஸப்பில் பதில் தட்ட ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனது, கோபமும் கூடவே ஏறியது. சரி, எல்லாருக்குமாகவே எழுதிவிடலாம்.

விவரங்கள் பெட்டி மேலேயே இருக்கின்றன: 9 அடி, 8-ஆம் நம்பர், நாலு துண்டு, வேகமான ஆக்‌ஷன் (அதாவது, விறைப்பாக இருந்து சட்டென்று நிமிர்கிற வகை). கார்க் பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் 908-4 என்று போட்டிருக்கும். கடையில் என் கையில் கொடுத்தபோது அந்த எழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. “ஆல்ரவுண்டர் சார். டேமுக்கும் ஆகும், கடலுக்கும் ஆகும், எல்லாத்துக்கும் ஆகும்” என்றார் கடைக்காரர். நான் தெளிவாகத்தான் சொல்லியிருந்தேன்: மலையடிவாரத்து அண்டர்பெர்க், ஹைம்வில் பக்கம் பண்ணை டேம்களில், அதாவது பண்ணைக் குளங்களில், டிரவுட் என்கிற நன்னீர் மீனைப் பிடிக்க வேண்டும், ஃப்ளை இதுவரை வீசியதே இல்லை. இதைக் கேட்ட பிறகு அவர் எடுத்துக் கொடுத்த கம்பு இது.

இத்தனை வருஷமாகியும் எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்றே ஒன்று. பத்து மீட்டருக்குள் இது வளையாது.

கடல் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், நூல் அதன் பின்னால் ஓடும். ஃப்ளையில் ஈயக்குண்டு கிடையாது. முள்ளில் சுற்றிய இறகுக்கும் ரோமத்துக்கும் எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. பறப்பது அந்தத் தடித்த லைன்தான். பின்னால் வீசும்போது லைனின் எடை கம்பை வளைக்கிறது, வளைந்த கம்பு நிமிரும்போது லைனை முன்னால் தள்ளுகிறது. நம்பர் என்பது இந்த எடைக் கணக்குதான். லைனின் முதல் 30 அடி, 5-ஆம் நம்பரில் சுமார் 9 கிராம். 8-ஆம் நம்பரில் சுமார் 13.6 கிராம். அந்த 30 அடியும் கம்பு முனைக்கு வெளியே போனால்தான் எட்டாம் நம்பர் கம்புக்கு உறைக்கும், நம்மை யாரோ இழுக்கிறார்கள் என்று. பதினைந்து அடி மட்டும் வெளியே இருந்தால் பாதி எடைகூட இராது, ஏனென்றால் லைனின் முன்பக்கம்தான் மெல்லியது. முழுச் சுமைக்காகச் செய்த கம்பு அப்போது விறைத்துக்கொண்டு நிற்கும். வீசியது லைனா, உங்கள் தோள்பட்டையா என்று சந்தேகம் வரும்.

பண்ணை டேமில் மீன் எங்கே இருக்கிறது? காலை நேரத்தில் பாசி ஓரத்தில், நாணல் ஓரத்தில், எட்டுப் பத்து மீட்டருக்குள் சுற்றுகிறது. ஃப்ளோட் ட்யூப் என்கிற காற்றடைத்த மிதவையில் இடுப்புவரை தண்ணீரில் உட்கார்ந்து, காலில் துடுப்பு மாட்டிக்கொண்டு மெல்ல நகர்கிற ஆளுக்குக் கையும் தாழ்வாகவே இருக்கும். இருபத்தைந்து மீட்டர் வீச அங்கே தேவையும் இல்லை, வசதியும் இல்லை. ஜூன், ஜூலையில் உறைபனி விழுந்த விடியலில் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். அதன் மேல் இந்தத் தடித்த லைன் பளாரென்று விழுந்தால், நாணல் ஓரத்தில் ஒரு வளையம் விரியும். மீன் ஓடிவிட்டது என்று அர்த்தம்.

தப்பித் தவறி ஒன்று கவ்வினால் அடுத்த கூத்து. டிரவுட்டுக்கு நுனியில் கட்டுவது 5 எக்ஸ் டிப்பெட் என்கிற மெல்லிய நூல், விட்டம் கிட்டத்தட்ட 0.15 மில்லிமீட்டர். மீன் தலையை உதறும்போது கம்பின் முனை குனிந்து அந்த அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். இது குனியாது. பட் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். தடித்த நூல் கட்டினால் அறாது, ஆனால் தெளிந்த தண்ணீரில் மீன் கிட்டவே வராது. ஆற்றுக்குப் போனால் இன்னும் மோசம். லோதெனி மாதிரியான ஓடைகளுக்கு 3, 4-ஆம் நம்பர் கம்புகளோடு போகிறார்கள். அங்கே இதை வீசுவது கடப்பாரையால் பூக்கட்டுகிற வேலை.

(இந்த டிரவுட்டும் வந்தேறிதான். பிரவுன் டிரவுட் முட்டைகள் கப்பலில் வந்து, 1890-இல் நேட்டால் ஆறுகளில் குஞ்சு விட்டார்கள். ட்ரூரோ கப்பலில் நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக டர்பனில் இறங்கியது 1860. அந்த வகையில் அது நமக்கு முப்பது வருஷம் ஜூனியர். ஆனாலும் மரியாதை என்னவோ அதற்குத்தான்.)

கடைக்குத் திரும்பப் போய்ச் சொன்னேன். “லைன் பத்தலை சார், 9-ஆம் நம்பர் லைன் போட்டுப் பாருங்க” என்று இன்னொரு லைனை விற்றார்கள். சும்மா சொல்லக் கூடாது, அது பொய்யான யோசனை இல்லை. ஒரு நம்பர் கூட்டிப் போட்டால் விறைப்பான கம்பு கிட்டத்து வீச்சில் கொஞ்சம் வளையும், பலரும் செய்வதுதான். வளைந்தது. லைன் இன்னும் கனமாகி, பளார் இன்னும் பலமானது. நோய்க்கு மருந்து வாங்கப் போய் நோயையே இன்னொரு புட்டி வாங்கி வந்தேன்.

இதில் அவரை அயோக்கியர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டர்பன் தூண்டில் கடை என்பது கடல்கரைக் கடை. சுவர் முழுக்கப் பதினான்கு அடிக் கம்புகள், டப்பா டப்பாவாக ஈயம், பெட்டியில் உறைய வைத்த மத்தி. ஃப்ளை சாமான் ஒரு மூலையில் ஒரு கண்ணாடி அலமாரி. கடலில் கம்பு பலமாக இருந்தால் நல்லது, இன்னும் பலமாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் புத்தியோடு மூலை அலமாரிக்கு வந்தால் 8 என்பது 5-ஐ விட மூன்று படி உசத்தியாகத்தான் தெரியும். டர்பன் சாட்ஸ்வர்த்தில் என் பக்கத்து வீட்டு மாமா சின்ன வயதில் துறைமுகத்தின் வடக்குத் தடுப்புச் சுவரில் மீன் பிடித்துப் பழகியவர். கம்பைக் கையில் வாங்கி முனையிலிருந்து அடிவரை பார்த்துவிட்டு, “தம்பி, கம்பு நல்லாத்தான் இருக்கு. ஈயம் எங்க கட்டுறது?” என்றார். கடையில் நின்றவரும் கிட்டத்தட்ட இந்த மாமாதான், என்ன, பில் போடத் தெரிந்த மாமா.

ஆனால் தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லலாம் இல்லையா? அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புதிதாக வருகிறவனுக்குக் கடைக்குள் நடக்கிற சோதனை ஒன்றே ஒன்று: லைன் இல்லாத மொட்டைக் கம்பை இரண்டு அலமாரிக்கு நடுவில் நின்று ஆட்டிப் பார்ப்பது. அப்படி ஆட்டினால் விறைப்பான கம்பு ‘சுறுசுறுப்பாக’ இருக்கும், நல்ல ஐந்தாம் நம்பர் கம்பு தொளதொளவென்று இருக்கும். வாங்குகிறவனே அதை வேண்டாம் என்று திருப்பி வைத்துவிடுவான். லைன் மாட்டி, அதன் முனையில் கட்டும் மெல்லிய நூலான லீடரின் நுனியில் முள்ளுக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டி, கார் நிறுத்தும் இடத்தில் பத்து மீட்டர் வீசிக் காட்ட ஐந்து நிமிஷம் போதும். யாரும் அதைச் செய்வதில்லை.

கூடவே தலையில் கட்டிய மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூடிய டிராக் (மீன் இழுக்கும்போது நூலுக்குப் பிரேக் போடுகிற அமைப்பு) உள்ள விலையுயர்ந்த ரீல்: டேம் டிரவுட்டுக்கு அது நூல் சுற்றி வைக்கிற சக்கரம் மட்டுமே, மீனைக் கையாலேயே இழுத்துக்கொள்ளலாம். வேகமாக அமிழும் லைன் ஒன்று: பாசிக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். பெட்டி நிறைய அழகான மிதக்கும் ஈக்கள்: அதில் டி.டி.டி. ஒன்று மட்டும் உருப்படி. இங்கே டேமில் பெரும்பாலும் மீன் எடுப்பது தண்ணீருக்கடியில் மெல்ல இழுக்கிற வூலி பக்கர், வாக்கர்ஸ் கில்லர் என்கிற ஈக்கள். அவை இரண்டும் அந்தப் பெட்டியில் இல்லை.

இனிப் பாராட்டு. எழுதவே கை கூசுகிறது.

குளிர்காலத்தில் விடிவதற்கு முன்னால் டர்பனுக்கு வடக்கே உம்ட்லோட்டிப் பக்கம் கடற்கரைப் பாறைகளுக்குப் போனால், காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். முதுகுக்குப் பின்னால் காற்று, முன்னால் வெண்நுரை. ஈயக்கண் வைத்த கிளவுசர் என்கிற வெள்ளை ஈயைக் கட்டி, 30 அடியையும் தாண்டி லைனை வெளியே விட்டால், இதே கம்பு வேறு ஜென்மம் எடுக்கிறது. வளைவு நடுக்கம்புவரை இறங்குவது கையில் தெரியும். ஒரே தள்ளு, மிச்ச லைன் காலடியிலிருந்து சர்ரென்று கிளம்பி வளையங்கள் வழியாகப் போகும். டேமில் என் தோளைக் கழற்றிய அதே விறைப்புதான் இங்கே பக்கக் காற்றையும் அறுத்துக்கொண்டு போகிறது. ஷாட் என்கிற கடல்மீன் கவ்வும்போது இழுப்பு முழங்கைவரை வரும். அதன் பல்லுக்காகத் தடித்த லீடர் கட்டியிருப்பதால் அறுந்துபோகிற கவலையும் குறைவு. டேமில் கேலி செய்த அந்த ரீல், இங்கே டிராக் சத்தம் போடும்போது கொடுத்த காசுக்குப் பேசுகிறது. ஷாட் ஒரு நாளைக்கு நாலுதான், 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது, அக்டோபர், நவம்பர் முழுக்கத் தடை, அதை மறந்துவிடாதீர்கள். அளவு சரியாக இரண்டு கிடைத்தால் வீட்டில் புளி கரைக்கச் சொல்லிவிடலாம்.

உழைப்பிலும் குறை சொல்ல முடியாது. வளையங்கள் துருப்பிடிக்கவில்லை, துண்டுகள் பொருந்தும் இடம் தளரவில்லை. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவித்தான் வைக்கிறேன். முனைத் துண்டு மட்டும் போன குளிர்காலத்தில் உடைந்தது. அது கம்பின் குற்றம் இல்லை. கிளவுசரின் ஈயக்கண் வீச்சில் கம்பைத் தட்டினால் கார்பனில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், பிறகு ஒரு நாள் சாதாரண மீனுக்கு முறியும். இன்னொரு முனை வரவழைக்க மாதக்கணக்கில் அலைய வைத்தார்கள். அதன் விலையைக் கேட்டபோதும் கடைக்காரர் முகத்தில் அதே சிரிப்பு.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். அண்டர்பெர்க் டிரவுட்டுக்கு 9 அடி, 5-ஆம் நம்பர், நடுத்தர ஆக்‌ஷன் கம்பு ஒன்று எடுங்கள். அதே கம்பு வால் ஆற்றில் எல்லோஃபிஷ் என்கிற ஆற்று மீனுக்கும் ஆகும். இந்த நாட்டில் ஆல்ரவுண்டர் என்று ஒன்று உண்டென்றால் அதுதான். ரீல் மலிவானது போதும், அதில் மிச்சமாகும் காசை லைனில் போடுங்கள். பெட்டியில் டபிள்யூ.எஃப்.5.எஃப். (முன்பக்கம் எடை கூடிய, 5-ஆம் நம்பர், மிதக்கும் லைன்) என்று போட்டிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். அதற்கும் முன்னால் உங்கள் ஊர்ப் பக்கத்து ஃப்ளை கிளப்பில் யாரிடமாவது ஒரு ஐந்தாம் நம்பரை வாங்கி ஒரு சாயங்காலம் புல்தரையில் வீசிப் பாருங்கள். கடையில் யாராவது ‘எல்லாத்துக்கும் ஆகும்’ என்று ஆரம்பித்தால் பர்ஸைப் பைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அப்புறம், அந்தக் கால்வாசித் தள்ளுபடி இன்னும் இருந்தால் எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள், பணம் அனுப்பிவிடுகிறேன். தனியாக முனைத் துண்டுக்கு அலைவதை விட முழுக் கம்பே வாங்கி வைத்துக்கொள்வது மேல். ஜூனில் ஷாட் வந்துவிடும்.